அங்கீகரிக்கப்பட்ட மச்சம்

பொருளை விற்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். விற்ற பொருளைப் பற்றிப் புகார் வந்தால், புகார் கொடுத்தவரே கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்படி செய்யத் தெரிந்தவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் என் மாப்பிள்ளை. பெண்ணைக் கொடுத்தவன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு துண்டு உண்டு. அந்தத் துண்டை விரித்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை ஒரு பெரிய நிறுவனத்தில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு'க்குத் துணைத் தலைவர். முன்பு அதற்குப் புகார்ப் பிரிவு என்று பெயர். பெயரை மாற்றிய வாரமே பாதிப் புகார்கள் குறைந்துவிட்டனவாம். மகிழ்ச்சிப் பிரிவுக்குப் போன் போட்டு அழுவதற்கு ஜனங்களுக்கும் கூச்சமாக இருக்கும் அல்லவா?

ஆபீஸ் போக மீதி நேரத்தில் அவர் பொழுதுபோக்குகளை வாங்குவார். வாங்குவார் என்றுதான் சொன்னேன், பொழுது போக்குவார் என்று சொல்லவில்லை. முதலில் மலையேற்றம் வந்தது. காலணி, கயிறு, கொக்கி எல்லாம் வந்து சேர்ந்தன, மலை மட்டும் வரவில்லை. பிறகு தொலைநோக்கி வாங்கினார். எதிரே அடுக்குமாடி எழும்பியதால் அவருடைய வான ஆராய்ச்சி எதிர்வீட்டுப் பால்கனியோடு நின்றது. எதிர்வீட்டுக்காரர் நேரில் வந்து பேசிவிட்டுப் போனபின் முற்றிலுமாக நின்றது. அதற்கப்புறம்தான் பறவைகளைப் படம் பிடிப்பதற்காக ஒரு கேமரா.

ஒரு நாள் காலையில் நிஜமாகவே ஒரு பறவை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை கேமராவின் மெனுவைத் திறந்தார். அதில் 'மனிதர்' இருந்தது, 'விலங்கு' இருந்தது. "மாமா, பறவை விலங்குல சேருமா?" என்று என்னைக் கேட்டார். நான் யோசித்தேன். பறவை யோசிக்கவில்லை.

அன்றே கேமராவை இணையத்தில் விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை நேர்மையானவர். அழுக்கோடு ஒரு பொருளை விற்க அவருக்கு மனம் வராது. கேமராவுக்குள் கண்மணி மாதிரி ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கிறது. சென்சார் என்கிறார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள் என்று கூட வந்த கையேடு பல மொழிகளில் கெஞ்சுகிறது. மாப்பிள்ளை கையேடு படிக்கிற ரகம் இல்லை, ஆபீசில் கையேடு எழுதுகிற ரகம். என் மகள் நகச்சாயம் அழிக்க வைத்திருந்த திரவத்தை அவர் எடுத்தார். பக்கத்திலேயே கிடந்த பஞ்சுக்குச்சியையும் எடுத்தார். அந்தக் குச்சி அதற்குச் சற்று முன்புதான் என் மகளின் கட்டைவிரலுக்குச் சேவை செய்து முடித்திருந்தது. அவளுக்கு அப்போது பிடித்த சாயம் கடுங்காப்பி நிறம்.

"பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க மாமா!"

பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது. கடுகளவு இடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தது.

விளம்பரத்தில் 'நிபுணரால் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதினார். 'பறவைகளை மட்டுமே பார்த்தது' என்று எழுதினார். 'மனமில்லாமல் விற்கிறேன்' என்று எழுதும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. அந்த இணையதளத்தில் மாப்பிள்ளை 'தங்க விற்பனையாளர்'. பெயருக்கு முன்னால் ஐந்து நட்சத்திரம். விற்ற பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டால் மட்டும், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் குறி விழும். அது வாழ்நாள் முழுக்க அழியாதாம். அவர் பயப்படுவது உலகத்தில் அந்த ஒன்றுக்குத்தான்.

வாங்கியவர் ஒரு போட்டோக்காரர். அடையாள அட்டை அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. ஒரு முக்காலி, பின்னால் ஒரு வெள்ளைத் துணி, தலைவாரிக்கொள்ள ஒரு கண்ணாடி, பல் உடைந்த ஒரு சீப்பு. அட்டைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். அவருடைய பழைய கேமரா செத்துப்போனதால் கடை மூடிக் கிடந்தது. மாப்பிள்ளையின் கேமரா கூரியரில் போய்ச் சேர்ந்ததும் திறந்தார்.

திறந்த சில நாட்களில் போன் வந்தது. மாப்பிள்ளை எங்கள் எல்லோருடைய கல்வியையும் முன்னிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், எடுக்கிற ஒவ்வொரு படத்துலயும் கன்னத்துல ஒரு கறுப்புப் புள்ளி விழுது சார். எல்லாரும் அதே முக்காலியில அதே இடத்துலதானே உட்கார்றாங்க? எல்லாருக்கும் ஒரே இடத்துல மச்சம் மாதிரி விழுது."

"வணக்கம். உங்கள் மனவருத்தத்தைப் பதிவு செய்துகொண்டோம்."

"மனவருத்தம் இல்லைங்க, மச்சம்."

"மச்சம் சம்பந்தமான மனவருத்தம். சரிங்களா?"

"நீங்கதானே சார் இதை வித்தது?"

"வித்தது விற்பனைப் பிரிவு. நீங்க பேசறது விற்பனைக்குப் பிந்தைய பிரிவு."

"குரல் ஒரே மாதிரி இருக்கே?"

"எங்ககிட்ட எல்லாப் பிரிவுலயும் ஒரே தரம் சார்."

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை எங்களைப் பார்த்தார். ஒரு வித்வான் முதல் உருப்படியை முடித்துவிட்டுச் சபையைப் பார்க்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். என் மகள் ஆட்டவில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் 'குறைதீர் குழு' கூடியது. வயதை உத்தேசித்து என்னைத் தலைவராக்கினார்கள். மகள் செயலாளர். மாப்பிள்ளை மற்ற அனைத்தும். போட்டோக்காரர் அனுப்பியிருந்த படத்தை மேஜைமேல் வைத்தார்கள். ஒரு பஸ் டிரைவரின் முகம். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, வரைந்து வைத்த மாதிரி ஒரு புள்ளி.

என் மகள் அதைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"என்னங்க, இது என் நெயில் பாலிஷ்."

"உறுப்பினர்கள் சொந்தப் பொருட்களைக் கூட்டத்துக்குள்ள கொண்டுவரக் கூடாது."

"உறுப்பினரா? நான் உங்க பொண்டாட்டி! என் பாட்டிலை எடுத்துக் கேமராவுக்குள்ள விட்டீங்களா இல்லையா?"

"சுத்தம் பண்ணினேன்."

"பேசாம கேமராவைத் திருப்பி வாங்கிட்டுப் பணத்தைக் கொடுத்துடுங்க. பாவம், அந்த மனுஷனுக்கு அதுதான் பிழைப்பு."

"கொடுக்கலாம். கொடுத்தா என் பேருக்குப் பக்கத்துல குறி விழுமே?"

"ஊரார் மூஞ்சில விழுதே, அது பரவாயில்லையா?"

"அது அவங்க மூஞ்சி. இது என் ப்ரொஃபைல்."

இதற்கு மேல் தர்க்கம் உண்டா? எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் முன்பு இருந்ததில்லை.

"அப்பா, நீங்களாவது வாயைத் திறங்களேன்," என்றாள் மகள்.

"தலைவருக்குக் கருத்து இருக்கக் கூடாதும்மா. இருந்திருந்தா தலைவரா போட்டிருக்க மாட்டாங்க."

குழு ஒருமனதாக முடிவு செய்தது. எதிர்த்து வாக்களித்தவர் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டதால் ஒருமனது எளிதாயிற்று. முடிவு இதுதான்: படத்தில் தெரியும் மச்சம் முகத்திலேயே இருந்திருக்கலாம். ஆகவே புகார்தாரர் சம்பந்தப்பட்ட முகங்களை நேரில் ஆஜர்படுத்த வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். போட்டோக்காரர் ஆஜர்படுத்தினார். விடுமுறை நாளன்று வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே ஒரு வரிசை. முன்னால் போட்டோக்காரர், கையில் படங்கள். ஒல்லியான மனிதர். மற்றவர்கள் முகத்தையே பார்த்துப் பார்த்துத் தன் முகத்தைச் சவரம் செய்ய மறந்துவிட்டவர் போல இருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. மேல ஆபீஸ்ல எல்லாப் படத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. படத்துல மச்சம் இருக்கு, ஆள்கிட்ட இல்லைங்கறாங்க. மாடிப்படிக்குக் கீழ இருக்கிற இடம் அவங்களுது. இன்னும் ஒரு படம் திரும்பி வந்தா கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு கண்காணிப்பாளர். எனக்கு வேற எதுவும் வேண்டாம். இதை எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடுத்தீங்கன்னா வேற கேமரா பார்த்துக்கறேன்."

"உங்க நிலைமையை நாங்க மதிக்கிறோம்," என்றார் மாப்பிள்ளை. மதித்துவிட்டு, "அடுத்தவர் வாங்க," என்றார்.

பஸ் டிரைவர் வந்து கன்னத்தைக் காட்டினார். "நல்லாப் பாருங்க சார். இதுக்காகவே வழிச்சிட்டு வந்திருக்கேன்."

மாப்பிள்ளை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழைய பொழுதுபோக்கு ஒன்றின் மிச்சம். "இப்ப இல்ல. ஒத்துக்கறேன். படம் எடுத்த அன்னைக்கு இல்லைங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"அன்னைக்கு எடுத்த படமே இருக்கே சார்!" என்று டிரைவர் படத்தை ஆவேசமாக நீட்டினார். நீட்டிய பிறகு தானும் அதைப் பார்த்தார். அதில் மச்சம் இருந்தது. மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டார்.

இப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கணக்காசிரியர். வேலை தேடும் ஒரு பட்டதாரி. அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். "எங்களுக்குள்ள ஜாடையே கிடையாதுன்னு எல்லாரும் சொல்வாங்க, இந்தப் படத்துலதான் முதல் தடவையா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கோம்" என்று அவர்கள் சொன்னதை மாப்பிள்ளை 'பாராட்டுகள்' என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார். கடைசியாக ஒரு தையல்காரம்மா வந்தார். மாப்பிள்ளை பூதக்கண்ணாடியை உயர்த்தினார். அப்படியே நின்றார்.

அந்த அம்மாவுக்கு நிஜமாகவே அதே கன்னத்தில் அதே இடத்தில் மச்சம் இருந்தது.

"இது எப்பலேர்ந்தும்மா இருக்கு?"

"பிறந்ததுலேர்ந்து சார்."

"கேமரா இதை உள்ளது உள்ளபடி காட்டியிருக்கா இல்லையா?"

"எனக்குக் காட்டியிருக்கு. ஆனா மத்தவங்களுக்கு..."

"போதும்மா. ரொம்ப நன்றி."

ஆராய்ச்சி அங்கே முடிந்தது. உண்மை ஒன்று கிடைத்துவிட்ட பிறகு அதன்மேல் மேலும் உண்மைகளைக் குவிப்பது வீண் செலவு என்பது மகிழ்ச்சிப் பிரிவின் கொள்கை. கேமரா சரியாக வேலை செய்கிறது என்று மாப்பிள்ளை வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னார்.

போட்டோக்காரர் சண்டை போடவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இதை எழுத்துல கொடுப்பீங்களா சார்?"

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அவர் பணிக்காலத்தில் ஒரு வாடிக்கையாளர் கூட அவர் பதிலை எழுதிக் கேட்டதில்லை. உள்ளே ஓடினார். தலைப்பு அச்சிட்ட தாள் வந்தது. கோப்பு எண் போட்டார். வீட்டு உபயோகத்துக்கென்றே அவர் செய்து வைத்திருக்கும் வட்ட முத்திரையை ஊதிக் குத்தினார். வாசகம் இது:

"மேற்படி கேமரா முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. பழுது ஏதுமில்லை. அது காட்டும் மச்சம் மச்சமே. படத்துக்கும் முகத்துக்கும் முரண் காணப்படின், முகத்தைச் சரிபார்க்கவும்."

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். தலைவர் என்ற முறையில் நானும் போட்டேன். கேட்டைச் சாத்தப் போனபோது போட்டோக்காரர் என்னைத் தனியாகக் கேட்டார்.

"பெரியவரே, உங்க மனசுக்கு இது நியாயமாப் படுதா?"

"கண்ணாடி போடாம எனக்கு எதுவும் படறதில்லை தம்பி," என்றேன்.

மறுநாள் போட்டோக்காரர் அந்தத் தாளை அட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். கடையைக் காலி செய்வதற்குமுன் கடைசியாகக் காட்டிப் பார்க்கலாம் என்றுதான். நானும் போனேன். ஒரு குழுவின் தலைவர் தன் தீர்ப்பு எப்படி அமலாகிறது என்று பார்ப்பது கடமை. மேலும் அன்றைக்கு வீட்டில் மகள் யாரிடமும் பேசுவதாக இல்லை.

கண்காணிப்பாளர் தாளை முதலில் தலைகீழாகப் பிடித்தார். பிறகு நேராகப் பிடித்தார். வட்ட முத்திரையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஏன்யா, இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா? கேமரா சரின்னு தெளிவா போட்டிருக்கே!" எழுத்தரைக் கூப்பிட்டார். "கேமரா சரி. படம் சரி. அப்ப தப்பு எங்க இருக்கு?"

எழுத்தர் யோசித்தார். "மூஞ்சியில சார்."

"கூப்பிடு."

வெளியே வரிசையில் இருந்த பஸ் டிரைவர் வந்து நின்றார்.

"உங்க மூஞ்சி படத்தோட ஒத்துப்போகலையே?"

"பிறந்ததுலேர்ந்து என் மூஞ்சி இப்படித்தான் சார் இருக்கு."

"இருக்கட்டும். அதுக்கு வட்ட முத்திரை இருக்கா?"

டிரைவரிடம் இல்லை. நம்மில் யாரிடம் இருக்கிறது?

மாலைக்குள் மாடிப்படி அருகே ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. படத்துடன் பொருந்தாத முகங்களுடன் வருவோர் முகங்களைப் பொருத்திக்கொண்டு வரவும். அடுத்த நாள் வாசலில் ஒருவர் மையும் குச்சியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் புள்ளி வைத்துக்கொண்டு மேலே ஏறினார்கள், கீழே இறங்கியதும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்கள். அதுவரை போட்டோக்காரருடைய படங்களைத்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது தெருக்கோடியில் இருக்கும் பெரிய ஸ்டூடியோவின் படங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. அந்த முதலாளி குளிரூட்டிய அறையிலிருந்து வியர்வையோடு ஓடிவந்தார்.

"என் படத்துல என்ன சார் குறை?"

"மச்சம் எங்கய்யா?" என்றார் கண்காணிப்பாளர். "எல்லாருக்கும் இருக்கறப்ப உன் ஆளுங்களுக்கு மட்டும் எப்படி இல்லாம போகும்? சந்தேகமா இருக்கே!"

ஆக, செல்லுபடியாகும் முகத்தை எடுக்கத் தகுதியான கேமரா ஊரிலேயே ஒன்றுதான் என்று ஆயிற்று. மாடிப்படிக்குக் கீழிருந்து கிளம்பிய வரிசை தெருவைத் தாண்டி, ஸ்டூடியோ வாசலைத் தாண்டிப் போனது. போட்டோக்காரரின் கடை பிழைத்தது. முக்காலிக்கு மெத்தை கூடப் போட்டார்.

செய்தி மாப்பிள்ளைக்கு எட்டியது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. "அவ்வளவு பெரிய மதிப்புள்ள பொருளை ஏமாந்து வித்துட்டேனே மாமா!" மறுநாள் லீவு போட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சான்றிதழைப் போட்டோக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"சார், உங்க புகாரை மறுபரிசீலனை பண்ணிட்டோம். கேமராவைத் திருப்பி எடுத்துக்கறேன். பணம் முழுசா தந்துடறேன்."

போட்டோக்காரர் ஒரு பெண்மணியின் முகவாயை லேசாக நிமிர்த்திவிட்டு, படம் எடுத்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"உங்க மனவருத்தத்தைப் பதிவு செஞ்சுக்கிட்டேன் சார்."

"விளையாடாதீங்க. குறி விழுந்தாலும் பரவாயில்லைன்னு வந்திருக்கேன்."

"எதுக்குத் திருப்பிக் கொடுக்கணும்? பழுதா இருக்கா?"

"பழுதுதான்! உள்ளே நெயில் பாலிஷ் ஒட்டியிருக்கு. நானே என் கையால ஒட்டினேன்!"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆதாரம் இருக்கா சார்?"

"மாமா பக்கத்துலயே இருந்தாரு. சொல்லுங்க மாமா! நீங்க பார்த்தீங்கல்ல?"

நான் சுவரைப் பார்த்தேன். பழுது ஏதுமில்லை என்பதற்குக் கீழே என் கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேனே மாப்பிள்ளை. அதுக்கப்புறம் கண்ணு பார்த்ததையெல்லாம் பேசினா நல்லாவா இருக்கும்?"

மாப்பிள்ளை கிடுகிடுவென்று தெருவில் இறங்கிவிட்டார். நான் கிளம்பும்போது போட்டோக்காரர் கடைக்கு வெளியே வரை வந்தார். முகத்தில் வெற்றிக்களை எதுவும் இல்லை.

"கடை நிலைச்சிருச்சு பெரியவரே. வீட்லயும் நிம்மதி. ஆனா ஒரு மனுஷ மூஞ்சியை அது இருக்கிறபடி எடுத்து நாளாச்சு. தப்பா எடுக்கிறீங்களேன்னு கேட்கிறதுக்குக்கூட இப்ப யாரும் வர்றதில்ல."

ஆனாலும் நன்றி மறவாத மனிதர். மாப்பிள்ளைக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டார். புகார் 'மகிழ்ச்சியுடன் முடிக்கப்பட்டது' என்று பதிவாயிற்று. ஆபீசில் இந்த விவகாரத்தைப் புதியவர்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள். மாப்பிள்ளை இப்போது தலைவர். துணை போய்விட்டது. வீட்டிலும் கொஞ்ச நாளாக அப்படித்தான். துணை பேசுவதில்லை.

இன்று எங்கள் ஊரில் யாருடைய அட்டையை வாங்கிப் பார்த்தாலும் இடது கன்னத்தில் அந்தப் புள்ளி இருக்கும். டிரைவருக்கு இருக்கிறது, கணக்காசிரியருக்கு இருக்கிறது, கண்காணிப்பாளருக்கே இருக்கிறது. மாப்பிள்ளையின் அட்டை மட்டும் முன்பே வாங்கியது. இன்னும் பல வருஷத்துக்குச் செல்லும். அதில் அவர் முகம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஊர் முழுக்க ஒவ்வொரு கன்னமாகத் தேடிப்போய் ஏறிய அந்தக் கறை, அதைச் செய்தவருடைய முகத்தை மட்டும் தொடவே இல்லை. புகாரைக் கையாள்வது என்றால் அப்படிக் கையாள வேண்டும்.